திரைவழி மதிப்பீடும் ஆலோசனையும்: நரம்பியல் வேறுபாடுடைய நம் பிள்ளைகளுக்கு எதுவரை கைகொடுக்கும்?

என் தம்பி நான்காம் ஆண்டு படித்தபோது வாங்கி வந்த தேர்ச்சி அறிக்கை இன்னும் எங்கள் வீட்டு அலமாரியில் இருக்கிறது. அதில் வகுப்பாசிரியர் சிவப்பு மையில் ஒரு குறிப்பு எழுதியிருந்தார். "கெட்டிக்கார மாணவன். ஆனால் கவனம் இல்லை. இடத்தில் உட்காருவதே இல்லை." அன்று அந்தக் குறிப்புக்காக அவன் அப்பாவிடம் அடி வாங்கினான். ஏழு ஆண்டுகள் கழித்து, 2024-இல், கோலாலம்பூரில் இருந்த ஓர் உளவியலாளர் மடிக்கணினித் திரை வழியாக, "சின்ன வயசு ரிப்போர்ட் புக் ஏதாவது வச்சிருக்கீங்களாம்மா?" என்று கேட்டார். அம்மா தேடி எடுத்துக் காட்டியது அந்த அறிக்கையைத்தான்.

தம்பிக்கு ஏ.டி.எச்.டி. எனப்படும் கவனக்குறைவும் மிகையியக்கமும் இருப்பது அப்படித்தான் எங்களுக்குத் தெரிய வந்தது. பினாங்கில் ஆயர் ஈத்தாம் அடுக்குமாடி வீட்டின் வரவேற்பறையில் உட்கார்ந்தபடியே அதை அறிந்துகொண்டோம். இந்த அனுபவத்திற்குப் பிறகு, இயங்கலை வழியாக நடக்கும் மதிப்பீட்டையும் ஆலோசனையையும் பற்றி நான் தேடிப் படித்தவற்றை இங்கே பகிர்ந்துகொள்கிறேன். நம் கழகத்தில் பலர் நாளை ஆசிரியர்களாகப் போகிறவர்கள். சிலர் இப்போதே அண்ணன், அக்கா என்ற முறையில் இப்படியொரு பிள்ளையை வீட்டில் வைத்திருப்பவர்கள். இன்னும் சிலர், வெளியில் சொல்லாவிட்டாலும், தம்மைப் பற்றியே இந்த ஐயத்தைச் சுமந்து கொண்டிருப்பவர்கள்.

முதலில் சொல்லைப் பார்ப்போம். ஆட்டிசம், ஏ.டி.எச்.டி., டிஸ்லெக்சியா போன்றவற்றை ஒரே குடைக்குள் வைத்து, மூளை வேலை செய்யும் விதத்தில் மனிதர்கள் பலவகைப்படுவர் என்று பார்க்கும் நோக்கு 1990-களின் பிற்பகுதியில் பரவத் தொடங்கியது. ஆஸ்திரேலியச் சமூகவியலாளர் ஜூடி சிங்கர் 1998-இல் எழுதிய ஆய்வேடு அதற்கு ஒரு பெயரும் கொடுத்தது. தமிழில் இதனை நரம்பியல் பன்மை என்றும், அவ்வாறு வேறுபட்டு அமைந்தவர்களை நரம்பியல் வேறுபாடுடையோர் என்றும் சொல்லலாம். இது காய்ச்சலைப் போல் வந்து போகும் நோயன்று. பிறவியிலேயே அமைவது; வளர்ந்த பின்னும் உடன் இருப்பது. வீட்டில் நாம் வைத்திருக்கும் பெயர்கள் வேறு: வாலு, மந்தம், திமிர், சோம்பேறி.

அடுத்து, நம்மவர்கள் பெரும்பாலும் ஒன்றாகவே எண்ணிக்கொள்ளும் மூன்று வேலைகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும். சல்லடை போட்டுப் பார்ப்பது ஒன்று, முறையாக மதிப்பிட்டு முடிவு சொல்வது மற்றொன்று, அதன் பிறகு ஆலோசனையும் பயிற்சியும் தருவது வேறொன்று. திரைவழியில் எது முடியும், எது முடியாது என்ற கேள்விக்கு இம்மூன்றுக்கும் ஒரே விடை கிடையாது.

சல்லடை எளிது. நம் நாட்டில் அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்குகளில் குழந்தை பிறந்ததும் கொடுக்கப்படும் உடல்நலப் பதிவேட்டை எல்லாரும் பார்த்திருப்போம். பதினெட்டு மாதத்திலும் மூன்று வயதிலும் தாயார் விடையளிக்க வேண்டிய எம்-சாட் என்ற ஆட்டிசக் கேள்விப் பட்டியல் அதில் உண்டு. அதன் திருத்தப்பட்ட வடிவத்தில் 20 கேள்விகள் இருக்கின்றன. மதிப்பெண் 0 முதல் 2 வரை என்றால் கவலைக்கு இடம் குறைவு. 3 முதல் 7 வரை என்றால் தாயாரிடம் மறுபடியும் விரிவாகக் கேட்க வேண்டும். 8-உம் அதற்கு மேலும் என்றால் உடனே அடுத்த கட்டத்திற்கு அனுப்ப வேண்டும். இந்த இரண்டாம் சுற்றுக் கேள்விகளைத் தொலைபேசியிலேயே கேட்டுவிடலாம். திரைகூடத் தேவையில்லை.

ஆனால் சல்லடையில் நின்றது எல்லாம் கல் என்று சொல்லிவிட முடியாது. அங்கேதான் மதிப்பீடு தொடங்குகிறது, சிக்கலும் தொடங்குகிறது.

ஆட்டிசத்தை மதிப்பிட உலகெங்கும் பெரிதும் பயன்படுவது ஏடோஸ் என்ற முறை. பயிற்சி பெற்ற ஒருவர் குழந்தையுடன் 40 நிமிடம் முதல் ஒரு மணி நேரம் வரை குறிப்பிட்ட பொருள்களை வைத்து விளையாடுவார். சோப்புக் குமிழி ஊதுவார். பொம்மைக்குப் பிறந்தநாள் கொண்டாடுவார். குமிழி உடைந்ததும் குழந்தை திரும்பி மனிதரின் முகத்தைப் பார்க்கிறதா, இன்னும் வேண்டும் என்று எப்படிக் கேட்கிறது என்பவற்றையெல்லாம் குறித்துக்கொள்வார். இதற்கு இருவரும் ஓர் அறையில் இருந்தாக வேண்டும். 2020-இல் பெருந்தொற்று வந்தபோது இம்முறை உலகம் முழுவதும் தடைப்பட்டது. முகக்கவரி அணிந்தால் புன்னகை தெரியாது. புன்னகை தெரியாவிட்டால் மதிப்பெண் செல்லாது. மலேசியாவில் மார்ச் 18-ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கியபோது இங்கும் பிள்ளைகளின் சந்திப்பு நாள்கள் தள்ளிப்போயின.

அந்த நெருக்கடியில்தான் மாற்று வழிகள் பரவலாகப் பயன்பாட்டுக்கு வந்தன. ஏடோஸை உருவாக்கியவர்களுள் ஒருவரான கேத்தரின் லார்டின் குழுவினர், பெற்றோரையே விளையாட வைத்து வல்லுநர் தொலைவிலிருந்து பார்க்கும் போசா என்ற சுருக்க முறையை வகுத்தனர். அமெரிக்காவின் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தினர் மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்காக உருவாக்கியிருந்த டெலி-ஏ.எஸ்.டி.-பெட்ஸ் என்ற முறையும் அப்போது பரவியது. இதில் அம்மாவோ அப்பாவோ குழந்தையுடன் சிறிது நேரம் விளையாடுவார்கள். "இப்போது பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள்", "பொம்மையை எட்டாத இடத்தில் வையுங்கள்" என்று திரைக்கு அந்தப் பக்கத்திலிருந்து வல்லுநர் சொல்வார். ஏழு நடத்தைகளை மட்டும் பார்த்து மதிப்பெண் இடுவார். அறிகுறிகள் தெளிவாக உள்ள சிறு குழந்தைகளுக்கு இது நன்றாகவே உதவுகிறது. தெளிவில்லாத பிள்ளைகளை நேரில்தான் பார்க்க வேண்டும் என்று அப்போதே சொல்லிவிடுவார்கள். அப்படிச் சொல்லாதவரிடம் நாம் எச்சரிக்கையாக இருப்பது நல்லது.

நுண்ணறிவுச் சோதனையும் இப்படித்தான். வெக்ஸ்லர் சோதனையில் வண்ணக் கட்டைகளைக் கையால் அடுக்கும் பகுதி உண்டு. அதைத் திரையில் செய்ய வைப்பது கடினம். வாய்மொழிக் கேள்விகளைக் கேட்கலாம். ஆனால் வாய்மொழி என்றதும் நம் பிள்ளைகளுக்கு வேறொரு பிரச்சனை எழுகிறது. எனக்கு இதுவே எல்லாவற்றினும் முக்கியமாகப் படுகிறது.

எந்த மொழியில் கேட்பது?

கோலாலம்பூர் உளவியலாளரிடம் செல்வதற்கு முன், தம்பி ஆறாம் ஆண்டில் இருந்தபோதே ஒருமுறை நேரில் மதிப்பீட்டுக்குப் போனோம். எங்கே என்பது இங்குத் தேவையில்லை. கேள்விகள் மலாயில் கேட்கப்பட்டன. கேட்டவர் அன்பானவர்தான். "இவன் வீட்டில் எப்படி?" என்றதற்கு அம்மா "துறுதுறுவென்று இருப்பான்" என்று சொல்ல நினைத்தார். அதற்கு மலாய்ச் சொல் கிடைக்காமல் "நாக்கால்" என்றார். நாக்கால் என்றால் குறும்புக்காரன், சொல் பேச்சுக் கேட்காதவன். தாளில் அதுதான் ஏறியது. தம்பியிடம் மலாய்ச் சொற்களுக்குப் பொருள் கேட்டார்கள். தமிழ்ப்பள்ளியில் படித்து, வீட்டிலும் தமிழே பேசும் பன்னிரண்டு வயதுப் பையன் எத்தனை சொற்களுக்குப் பொருள் சொல்வான்? அறிக்கையில் மொழித்திறன் மிகக் குறைவு என்று வந்தது. மலாய்த்திறன் குறைவு என்று வந்திருந்தால் நாங்களும் ஒத்துக்கொண்டிருப்போம். கவனத்தைப் பற்றி அதில் ஒரு வார்த்தைகூட இல்லை.

இது எங்கள் வீட்டோடு முடியும் கதை இல்லை. வெக்ஸ்லர் சோதனையின் ஐந்தாம் பதிப்பு 2014-இல் வெளிவந்தபோது, அதன் அளவுகோல் அமெரிக்கப் பிள்ளைகள் 2,200 பேரைச் சோதித்து அமைக்கப்பட்டது. அந்த எண்களை வைத்துத் தமிழ்ப்பள்ளிப் பிள்ளையை அளக்கும்போது, அளப்பவருக்கு இந்தப் பிள்ளையின் மொழி தெரிந்திருந்தால்தான் எந்தத் தவறு அறியாமையால் வந்தது, எது மொழியால் வந்தது என்று பிரித்தறிய முடியும். டிஸ்லெக்சியாவில் இது இன்னும் கூர்மையாகத் தெரியும். மலாய் மொழி இருபத்தாறு உரோமன் எழுத்துகளைக் கொண்டு, ஏறக்குறைய ஒலிப்பது போலவே எழுதப்படுகிறது. தமிழில் உயிர்மெய்க் குறியீடுகள் எழுத்தின் முன்னும் பின்னும் மேலும் கீழும் வருகின்றன. கொம்பும் காலும் ஓர் எழுத்தை நடுவில் வைத்து இருபுறமும் நிற்கின்றன. ஒரு மொழியில் தட்டுத் தடுமாறிப் படிக்கும் பிள்ளை மற்றொன்றில் ஓரளவு சமாளிக்கக்கூடும். இரண்டிலும் படிக்க வைத்துப் பார்க்காமல் முடிவு சொல்லலாமா?

மொழியோடு பழக்கவழக்கமும் வருகிறது. பெயர் சொல்லி அழைத்தால் குழந்தை திரும்புகிறதா என்பது எல்லாப் பட்டியலிலும் உள்ள கேள்வி. பிறப்புச் சான்றிதழில் உள்ள நீளமான பெயரை அதிகாரி படித்து அழைப்பார். வீட்டில் அந்தக் குழந்தை 'குட்டி'யாகவோ 'பாப்பா'வாகவோ வளர்ந்திருக்கும். அதேபோல், பெரியவர்களின் கண்ணைப் பார்த்துப் பேசாத பிள்ளையை நாம் அடக்கமான பிள்ளை என்று பாராட்டுகிறோம். கேள்வித் தாள் அதை வேறு விதமாக எண்ணுகிறது. தமிழ்க் குடும்பத்தை அறிந்தவர் இவற்றைத் தனியாகத் துருவிக் கேட்பார்.

ஆகவே, இயங்கலை என்றதும் தொலைவைக் குறைக்கிறது என்று எல்லாரும் சொல்வது உண்மைதான் என்றாலும், நமக்கு அது தரும் பெரிய நன்மை மொழி. நிபோங் திபாலிலிருந்தோ சுங்கை பாக்காப்பிலிருந்தோ ஜோர்ஜ்டவுனுக்கு வர அரை நாள் விடுப்பு எடுக்க வேண்டும், இரைச்சல் தாங்காத பிள்ளையோடு பாலத்து நெரிசலையும் காத்திருக்கும் கூடத்தின் கூட்டத்தையும் கடக்க வேண்டும் என்பது மெய்யே. ஆனாலும் எப்படியாவது வந்துவிடலாம். தமிழில் கேட்கவும் எழுதவும் தெரிந்த வல்லுநர் நம் ஊரில் கிடைக்காதபோது, எத்தனை பாலம் கடந்தாலும் அது நடக்காது. திரைதான் அவரைக் கொண்டு வந்து சேர்க்கிறது.

இவ்விடத்தில் தமிழ்நாட்டில் நடந்ததை அறிந்துகொள்வது பயன் தரும். மனச்சிதைவு நோய்க்காக டாக்டர் சாரதா மேனன் 1984-இல் சென்னையில் தொடங்கிய ஸ்கார்ஃப் நிறுவனம், 2004-ஆம் ஆண்டுச் சுனாமிக்குப் பிறகு, பாதிக்கப்பட்ட கடலோர மக்களுக்காகத் தொலைவழி மனநல மருத்துவத்தில் இறங்கியது. 2010-இல் புதுக்கோட்டை மாவட்டக் கிராமங்களுக்கு ஒரு பேருந்தையே அனுப்பத் தொடங்கினார்கள். நோயாளி பேருந்துக்குள் உட்கார்ந்து சென்னையில் இருக்கும் மருத்துவரிடம் திரையில் பேசுவார். பேசி முடித்ததும் அந்தப் பேருந்திலேயே மருந்து கிடைக்கும். உள்ளூரில் பயிற்சி பெற்ற பணியாளர் ஒருவர் உடன் இருப்பார். நோய் வேறு என்றாலும் வழிமுறை நமக்குப் பொருந்தும்.

குழந்தைகள் விஷயத்தில் தென்காசி மாவட்டம் ஆய்க்குடியில் உள்ள அமர் சேவா சங்கம் இன்னும் நெருக்கமான எடுத்துக்காட்டு. கடற்படைத் தேர்வின்போது முதுகுத்தண்டில் அடிபட்டுக் கழுத்துக்குக் கீழே செயலிழந்த எஸ். இராமகிருஷ்ணன் 1981-இல் அதனைத் தொடங்கினார். 2020-இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. வளர்ச்சித் தாமதம் உள்ள சிறு குழந்தைகளின் வீட்டுக்கே சமூகப் பணியாளர்கள் சென்று, செயலி ஒன்றில் குழந்தையின் நிலையைப் பதிவு செய்கிறார்கள். சிகிச்சை வல்லுநர்கள் அதைப் பார்த்து வழிகாட்டுகிறார்கள். ஒவ்வொரு கிராமத்துக்கும் பேச்சுப் பயிற்சியாளரை அனுப்ப முடியாது. ஆனால் அவர் சொல்வதைக் கேட்டு, அந்தக் குழந்தையின் வீட்டுப் பாயில் உட்கார்ந்து செய்து காட்ட உள்ளூர்ப் பெண் ஒருவருக்கு முடியும்.

இரண்டிலும் திரைக்கு இந்தப் பக்கம் ஓர் ஆள் இருக்கிறார் என்பதைக் கவனிக்க வேண்டும். நம் ஊரில் இணைப்பை அனுப்பிவிட்டுத் தாயையும் பிள்ளையையும் கைப்பேசியோடு தனியே விட்டுவிடுகிறோம். எங்கள் வீட்டில் அந்த ஆள் நானாக இருந்தேன். கேமராவைப் பிள்ளையின் முகமும் கையும் தெரியும்படி வைப்பது, மின்விசிறியின் ஓசையைக் குறைப்பது, பக்கத்து வீட்டு வானொலியைச் சற்று நேரம் அணைக்கச் சொல்லிக் கெஞ்சுவது எல்லாம் என் வேலை. கேள்விக்கு அம்மா பதில் சொல்லிக் கொடுக்காமல் தடுப்பதுதான் எல்லாவற்றிலும் கடினமாக இருந்தது!

பெரியவர்களின் நிலை சற்று வேறு. பல்கலைக்கழகம் வந்த பிறகு, பணியை முடிக்க முடியாமல் திணறும்போதுதான் பலருக்குத் தமக்கு ஏ.டி.எச்.டி. இருக்குமோ என்ற எண்ணம் வருகிறது. உலகச் சுகாதார நிறுவனத்தின் ஏ.எஸ்.ஆர்.எஸ். என்ற 18 கேள்விகளை இணையத்தில் யாரும் நிரப்பிப் பார்க்கலாம். ஆனால் அதுவும் வெறும் சல்லடைதான். முடிவு சொல்ல வேண்டுமானால் 12 வயதுக்கு முன்பே அறிகுறிகள் இருந்தன என்று காட்ட வேண்டும். ஓரிடத்தில் மட்டுமின்றி வீடு, பள்ளி என்று இரண்டு இடங்களிலாவது அவை தெரிந்திருக்க வேண்டும். அதனால்தான் அம்மாவின் சாட்சியும் பழைய தேர்ச்சி அறிக்கையும் தேவைப்படுகின்றன. மாணவர் விடுதியிலும் அம்மா தோட்டத்து வீட்டிலும் இருந்தபடி ஒரே திரையில் சேர்ந்து பேசலாம் என்பது இயங்கலையின் தனிச் சிறப்பு.

இதற்கு மறுபக்கமும் உண்டு. 2023-இல் பி.பி.சி.யின் பனோரமா நிகழ்ச்சியில் செய்தியாளர் ஒருவர், இங்கிலாந்தின் மூன்று தனியார் கிளினிக்குகளில் காணொளி வழியாக மதிப்பீட்டுக்குச் சென்றார். மூன்றும் அவருக்கு ஏ.டி.எச்.டி. இருப்பதாகச் சொல்லின. அரசாங்க மருத்துவச் சேவையில் வல்லுநர் ஒருவர் நேரில் மூன்று மணி நேரம் பார்த்துவிட்டு இல்லை என்றார். அக்கிளினிக்குகளின் குறை திரையில் இருந்ததா, அவசரத்தில் இருந்ததா என்று கேட்டால், அவசரத்தில்தான் என்பேன். எங்களுக்கு மூன்று வெவ்வேறு நாள்களில், மொத்தம் ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஆனது. பள்ளி ஆசிரியரிடமும் தனியாகக் கேள்வித் தாள் வாங்கினார்கள்.

இனி, ஆவண விவகாரம். இதைத் தெரியாமல் நாங்கள் இரண்டு மாதம் அலைந்தோம். 2008-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின்படி சமூக நல இலாகாவில் பதிந்து ஓ.கே.யு. அட்டை பெறலாம். ஆட்டிசம், ஏ.டி.எச்.டி., டிஸ்லெக்சியா ஆகியவை கற்றல் குறைபாடு என்ற பிரிவில் வரும். ஆனால் விண்ணப்பத்தில் கையொப்பமிட வேண்டியவர் மலேசியாவில் பதிவு பெற்ற மருத்துவர். உளவியலாளரின் அறிக்கை எவ்வளவு நன்றாக இருந்தாலும் அது துணை ஆவணமே. சென்னையில் உள்ளவரிடம் மதிப்பீடு செய்தால் மொழிச் சிக்கல் தீரும். ஆனால் அவருடைய தாளை மட்டும் நீட்டிப் பயனில்லை. மேலும், இந்தியா 2020 மார்ச்சில் வெளியிட்ட தொலைமருத்துவ வழிகாட்டி, அந்நாட்டு எல்லைக்கு வெளியே உள்ளவர்களுக்கான ஆலோசனையைத் தன் வரம்பில் சேர்க்கவில்லை. நம் நாடாளுமன்றம் 1997-இலேயே தொலைமருத்துவச் சட்டம் இயற்றியது. ஆனால் அது நீண்ட காலம் நடைமுறைக்குக் கொண்டுவரப்படாமலே இருந்தது.

யாரிடம் பேசுகிறோம் என்பதையும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். ஆலோசகர்கள் 1998-ஆம் ஆண்டு ஆலோசகர் சட்டத்தின்கீழ் (சட்டம் 580) பதிந்திருக்க வேண்டும். மருத்துவ உளவியலாளர், பேச்சுப் பயிற்சியாளர் போன்றோர் 2016-ஆம் ஆண்டுச் சட்டம் 774-இன்கீழ் வருகிறார்கள். பதிவு எண்ணைக் கேட்பது மரியாதைக் குறைவன்று. நேர்மையானவர்கள் கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுகிறார்கள்.

மருந்து வேண்டுமென்றால் நேரில் போவதைத் தவிர வேறு வழியில்லை. ஏ.டி.எச்.டி.க்குக் கொடுக்கும் மெத்தில்ஃபெனிடேட் கட்டுப்படுத்தப்பட்ட மருந்து. தொடங்குமுன் எடை, இரத்த அழுத்தம், நாடித்துடிப்பு பார்க்க வேண்டும். தொடங்கிய பின்பும் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். நாங்கள் அறிக்கையை எடுத்துக்கொண்டு மனநல மருத்துவரிடம் சென்றோம். அவர் அதை முழுமையாகப் படித்துவிட்டு, தம்பியிடம் நேரில் அரை மணி நேரம் பேசி, அதன் பிறகே கையொப்பமிட்டார்.

ஆலோசனையைப் பொறுத்தவரை எனக்குத் தயக்கமே இல்லை. திரைவழி முறை இதில்தான் நன்றாக அமைகிறது. ஆட்டிசம் உடையவர்களில் சிலருக்கு எதிரே ஒருவர் முகம் பார்த்து உட்கார்ந்திருப்பதே பெரும் பாரம். அவர்கள் கேமராவை அணைத்துவிட்டுப் பேசலாம், பேச வராதபோது தட்டச்சு செய்யலாம். தம்பி கேமராவை அணைத்துவிட்டுத்தான் பேசுவான். பேசும்போது நடந்துகொண்டே இருப்பான். நேரில் போயிருந்தால் அந்தச் சிறிய அறையில் எங்கே நடப்பது?

வீட்டில் தனிமை இல்லாததுதான் தொல்லை. இரண்டு அறை வீட்டில் ஐந்து பேர் இருந்தால் மனம் விட்டுப் பேச இடம் ஏது? முதல் சில வாரம் கார் நிறுத்துமிடத்தில் அப்பாவின் காருக்குள் இருந்து பேசினான். பிறகு அம்மாவும் பாட்டியும் சனிக்கிழமைகளில் அந்த ஒரு மணி நேரம் சந்தைக்குப் போய்வர ஒப்புக்கொண்டார்கள்.

அம்மாவுக்கும் ஒரு நாள் தனியாக நேரம் ஒதுக்கினார்கள். "இவன் வயித்துல இருந்தப்போ நான் ரொம்ப வேலை செஞ்சேன். அதனாலயா இப்படி?" என்று கேட்டார் அம்மா. பதினேழு ஆண்டுகளாக அந்தக் கேள்வி அவருக்குள் இருந்திருக்கிறது. வீட்டில் யாருக்கும் தெரியாது. ஏ.டி.எச்.டி. பெரும்பாலும் பரம்பரையாக வருவது, வேலை செய்ததால் வருவதில்லை என்று உளவியலாளர் நிதானமாகத் தமிழில் விளக்கினார். பிறகு, "உங்க பக்கமோ, அவங்க அப்பா பக்கமோ, சின்ன வயசுல இவன மாதிரி யாராவது இருந்தாங்களா?" என்று கேட்டார். அம்மா விடை சொல்லவில்லை. சமையலறைக் கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்த அப்பாவைத் திரும்பிப் பார்த்தார். அப்பா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு திரைக்கு முன்னால் வந்து உட்கார்ந்தார்.